அரிசி ஜாடியில் இருந்த சாவி

"பெட்டியைத் திறங்க."

காத்தியா இதைச் சொன்னபோது மாலை நாலேகால். சொல்லவே கூடாத வார்த்தை. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே முதலாளி அபீலியோ விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார்: "தங்க வந்தவன்கிட்ட பெட்டியைத் திறன்னு மட்டும் சொல்லிடாதே. உள்ள பொணமே கிடந்தாலும் சரி. இன்டர்நெட்ல ஒத்தை நட்சத்திரம் போட்டான்னா நாம தெருவுலதான் நிக்கணும்."

லிஸ்பன் நகரில், கோட்டை மேட்டுச் சந்தொன்றில், மூன்றாம் மாடியில் இருக்கிறது அந்த மலிவு விடுதி. எட்டு அறை, இரண்டு குளியலறை, நினைத்தால் ஓடுகிற லிப்ட். ஜூன் பன்னிரண்டு, அந்தோணியார் திருவிழாவுக்கு முந்தைய நாள். கீழே தெருவில் மத்தி மீன் சுட அடுப்புகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே நாலாம் எண் அறை வாசலில் போலந்துப் பெண் வெரோனிக்கா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

வெரோனிக்கா, வயலினைவிடச் சற்றே பெரிய வியோலா என்ற வாத்தியத்தை வாசிப்பவள். திருவிழா விடுமுறை கழிந்த மறுநாள் இங்கே ஓர் இசைக்குழுவில் அவளுக்குத் தேர்வு. ஒரு மணிக்கு அறையைப் பூட்டி, சாவியை வரவேற்பு மேஜையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். நாலு மணிக்குத் திரும்பினால் பூட்டு அப்படியே இருக்கிறது, உறை இருக்கிறது, வியோலா இருக்கிறது. வில் இல்லை. அவளுடைய ஆசிரியை இரவல் கொடுத்த பழைய பிரெஞ்சு வில். வாத்தியத்தைவிட அதற்குத்தான் விலை. இதை அவளே நேற்றுக் காலைப் பலகாரத்தின்போது எல்லோர் காதிலும் விழப் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

காத்தியா பன்னிரண்டு மணியிலிருந்து மேஜையை விட்டு நகரவில்லை. நாலாம் எண் சாவி அவள் முதுகுக்குப் பின்னால் கொக்கியில்தான் தொங்கியது. வெளியாள் யாரும் உள்ளே வரவில்லை. மற்ற அறைக்காரர்கள் காலையிலேயே கடற்கரைக்குப் போய்விட்டார்கள். மாடியில் இருந்த விருந்தாளிகள் இரண்டே பேர்.

இரண்டாம் எண் அறையில் நார்வேக்காரர் தோர்கில். ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர். போர்த்துக்கீசு மொழியைப் பிடித்தே தீருவேன் என்று சபதம் போட்டு, தினமும் தோற்றுக்கொண்டிருப்பவர். பெட்டியைத் திறக்கச் சொன்னதும் திறந்தார். பாடப் புத்தகம் ஆறு, உள்ளாடை மூன்று.

ஆறாம் எண் அறையில் பெல்ஜியத்துக்காரன் லூக் டெல்வோ. மெல்லிய மீசை, சலவைச் சட்டை. "தாராளமா," என்று ஆங்கிலத்தில் சொல்லி, காலுறை வரை எடுத்துக் கட்டிலில் அடுக்கிக் காட்டினான். "அலமாரியையும் பாருங்க மிஸ். மெத்தையைத் தூக்கட்டுமா?"

அவனே தூக்கினான். ஒன்றுமில்லை. பால்கனிக் கதவு திறந்திருந்தது. அபீலியோ கஞ்சத்தனமாக வருஷா வருஷம் பரணிலிருந்து இறக்கிக் கட்டும் அதே திருவிழாத் தோரணம் எல்லாப் பால்கனியிலும் தொங்கியது. கம்பியில் செங்குத்தாகக் கட்டிய குச்சிகளில் சுற்றிய வண்ணக் காகிதம், வெயில் குடித்து வெளுத்து, மென்று துப்பிய சுவிங்கம் நிறத்தில் இருந்தது. ஆறாம் எண் பால்கனியில் மட்டும் ஒரு குச்சி நல்ல ரத்தச் சிவப்பு. காத்தியா பார்த்தாள். பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். அப்போது அவள் தேடியது வில்லைத்தான், நிறத்தை அல்ல.

நாலரைக்கு அபீலியோ மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"பெட்டியைத் திறக்கச் சொன்னியா? டொட்டோரா அம்மா! உன்னைப் படிக்க வச்சவனை உதைக்கணும்."

அந்த நாட்டில் மரியாதையாக ஆணைச் சென்யோர் என்றும், பெண்ணைத் தோனா என்றும், பட்டம் வாங்கிய பெண்ணை டொட்டோரா என்றும் அழைப்பது வழக்கம். அபீலியோ வாயில் டொட்டோரா ஒரு வசை. மார்க்கெட்டில் மீன் செதில் சுரண்டும் அம்மாவின் மகள் சட்டம் படித்தாள் என்பதை அவரால் சீரணிக்கவே முடிந்ததில்லை.

"பூட்டு உடையலை. சாவி உன்கிட்ட இருந்துச்சு. அப்ப மிச்சம் மாஸ்டர் சாவி. அது யாரு கையில? சுல்மீரா கையில. இதுக்குப் போயி ஊரான் பெட்டியைக் கிளறியிருக்கே." அவர் தாழ்வாரத்தைப் பார்த்துக் கத்தினார். "சுல்மீரா! ஏப்ரனைக் கழட்டி வச்சிட்டுக் கிளம்பு. போலீஸைக் கூப்பிடாம விடறேன் பாரு, அதுவே பெரிசு. திங்கக்கிழமை குடியேற்ற ஆபீஸ்ல வதிவிட அட்டை புதுப்பிக்கணும்ல நீ? திருட்டுக் கேஸோட போய் நில்லு, நல்லா இருக்கும்."

சுல்மீரா கேப் வெர்தே தீவிலிருந்து வந்தவள். பத்தொன்பது வருஷமாக இந்த எட்டு அறைகளையும் துடைக்கிறாள். கையில் துவைத்த விரிப்போடு அப்படியே நின்றாள்.

"நான் எடுக்கலை, சென்யோர் அபீலியோ."

"எடுத்தவ எடுத்தேன்னா சொல்வா?"

காத்தியா போனை எடுத்தாள்.

"யாருக்குடி பேசறே?"

"போலீஸுக்கு. தோனா சுல்மீரா திருடியிருந்தா அவங்க கண்டுபிடிக்கட்டும். திருடலைன்னாலும் அவங்களே கண்டுபிடிக்கட்டும். ரெண்டுல ஒண்ணு நடக்கணும். நீங்க பாட்டுக்கு நீதிபதி வேலை பார்க்காதீங்க."

"உன் வேலை போச்சு!"

"போகட்டும். முதல்ல வில்லு வரட்டும்."

திருவிழா நாள், காவலர் வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். அந்த நேரத்தைக் காத்தியா வீணாக்கவில்லை. சுல்மீராவைச் சரக்கறைக்குள் இழுத்துப் போனாள்.

"மாஸ்டர் சாவி எங்க?"

"அரிசி ஜாடிக்குள்ள. இன்னிக்குக் காலையிலதானே அந்த மனுஷன் கத்தினாரு? நேத்து சாவி ஏப்ரன்ல இருந்து லிப்ட் குழியில விழுந்துடுச்சுல்ல. அதுக்குத்தான். 'இனிமே பாக்கெட்ல வைக்காதே, சரக்கறை அரிசி ஜாடிக்குள்ள வை, எவன் தேடுவான்'னு. எல்லாரும் பலகாரம் சாப்பிடறப்ப, நடு ஹால்ல நின்னு."

"நீங்க எப்ப உள்ள வச்சீங்க?"

"ஒண்ணரைக்கு. ரூம் எல்லாம் முடிச்சு. வச்சிட்டு இந்த இடத்தைப் பெருக்கினேன். அப்புறம் மொட்டை மாடியில துணி உலர்த்தப் போயிட்டேன். மூணு மணி ஆயிடுச்சு இறங்க."

காத்தியா குனிந்தாள். ஜாடிக்கடியில் ஏழெட்டு அரிசி சிதறிக் கிடந்தது.

"நீங்க பெருக்கின லட்சணமா இது?"

சுல்மீராவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "ஏம்மா, என்னைத் திருடின்னு சொன்னாக்கூடப் பொறுத்துப்பேன். பெருக்கத் தெரியாதுன்னா சொல்றே?"

காத்தியா சிரித்துவிட்டாள். ஒன்றரைக்குப் பிறகு வேறு ஒரு கை இந்த ஜாடிக்குள் போயிருக்கிறது. அவசரக் கை.

அடுத்து தோர்கில். அறை வாசலிலேயே கேட்டாள்.

"இன்னிக்குக் காலைல முதலாளி கத்தினாரே, என்ன சொன்னார்னு புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சது! மதியம் அரிசிச் சோறுன்னு சொன்னார். நான் ஒரு மணியிலிருந்து காத்திருக்கேன். சோறு வரவே இல்லையே?"

அடுத்து டெல்வோ. ஹாலில் கால்மேல் கால் போட்டுச் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

"காலைல முதலாளி கத்தினது?"

"கோபம் புரிஞ்சது. பாஷை புரியலை."

"ஒரு வார்த்தைகூடவா?"

"நன்றி சொல்லத் தெரியும். அதுகூட நீங்க சொல்லிக் கொடுத்ததுதான் மிஸ். இந்த ஊருக்கு இதுதான் முதல் தடவை." சிகரெட் பெட்டியைச் சட்டைப் பையில் செருகினான்.

காத்தியா மேஜைக்குத் திரும்பி உட்கார்ந்தாள். அவள் முன்னால் அந்தோணியார் செடி இருந்தது. துளசிக்குத் தங்கை மாதிரி, பந்தாகக் கத்தரித்த சின்ன இலைச் செடி. திருவிழா மாதத்தில் இது இல்லாத வீடு லிஸ்பனில் கிடையாது. இந்த வருஷம் பாவம், நிறையத் தொல்லை பட்டுவிட்டது. வெரோனிக்கா வந்த அன்று மூக்கை உள்ளே புதைத்து இழுத்தாள். "ஐயோ, செத்துப் போகும்!" என்று சுல்மீரா அலறினாள். தோர்கில் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுச் சுவைத்தார். செடியைத் தொந்தரவு செய்யாதவன் டெல்வோ ஒருவன்தான். அவன்தான் எல்லோருக்கும் முன்னால், செடி வாங்கி வைத்த திங்கட்கிழமையே வந்தவன். காத்தியா அவன் பாஸ்போர்ட்டைப் பதிந்துகொண்டிருந்தபோது உள்ளங்கையால் இலைகளை மெல்லத் தடவி, கையை முகர்ந்துகொண்டான். "நல்ல வளர்ப்பு," என்று சுல்மீரா அன்றைக்கு மெச்சினாள்.

காத்தியா செடியையே பார்த்தாள். பிறகு எழுந்து, தன் சொந்தக் கையை அதன்மேல் ஒருமுறை ஓட்டினாள்.

ஐந்தேகாலுக்குக் காவலர் நோப்ரெ வந்தார். வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஊர்வலத்துக்குக் காவல் நிக்கணும். சீக்கிரம் சொல்லுங்க. யார் மேல சந்தேகம்?"

"வேலைக்காரி மேல," என்றார் அபீலியோ.

"முதலாளி மேல," என்றாள் காத்தியா. அபீலியோவின் வாய் பிளந்தது. "அதாவது அவரோட தொண்டை மேல." அவள் நோப்ரெயைச் சன்னலோரம் அழைத்துப்போய்க் காதில் ஏதோ சொன்னாள். அவர் புருவத்தை உயர்த்தினார், ஆனால் தலையை ஆட்டினார்.

எல்லோரும் ஹாலில் உட்கார்ந்தார்கள். வெரோனிக்கா மூக்கைச் சிந்தினாள். தோர்கில் அவளுக்குக் கைக்குட்டை கொடுத்தார். காத்தியா யாரையும் பார்க்காமல், பாத்திரம் கழுவச் சொல்கிற சலிப்புக் குரலில், போர்த்துக்கீசில் சொன்னாள்:

"தோனா சுல்மீரா, கீழே அடுப்பு மூட்டிட்டாங்க, பொறி பறக்குது. பால்கனித் தோரணத்தை எல்லாம் அறுத்து, தெருமுனை நெருப்புல போடச் சொல்லிட்டாங்க. ஆறாம் நம்பர்ல ஆரம்பிங்க. இப்பவே."

"ஆகட்டும்," என்று சுல்மீரா கத்திரிக்கோலை எடுத்தாள்.

வெரோனிக்கா அசையவில்லை. தோர்கில் முகம் மலர்ந்து, "சாப்பாடா?" என்றார்.

டெல்வோ எழுந்தான். "மன்னிக்கணும், அறையில சிகரெட்டை விட்டுட்டேன்."

சிகரெட் பெட்டி அவன் சட்டைப் பையிலேயே நீட்டிக்கொண்டிருந்தது.

அவன் நடந்தான். தாழ்வாரத்தில் திரும்பியதும் ஓடினான். பின்னாலேயே நோப்ரெ ஓடினார். ஒரு நிமிஷம் கழித்து ஆறாம் எண் அறையிலிருந்து ஓர் உறுமலும், அதைத் தொடர்ந்து லிஸ்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள்கூடக் கூசுகிற வசவு ஒன்றும் வந்தது. சுத்தமான, மேட்டுத் தெரு போர்த்துக்கீசில்.

"பாஷை வந்துடுச்சு பாருங்க," என்றாள் காத்தியா.

நோப்ரெ அவனைப் பிடரியைப் பிடித்துக் கொண்டுவந்தார். மறு கையில் ரத்தச் சிவப்புக் காகிதம் சுற்றிய குச்சி. வெரோனிக்கா அதைப் பிடுங்கிக் காகிதத்தைக் கிழித்தாள். உள்ளே துணி. துணிக்குள் வில். அவள் அதைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு போலந்து மொழியில் என்னவோ கத்தினாள். மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றார் நோப்ரெ.

"வெளியாள் வரலை. நாலாம் நம்பரைத் திறக்க மாஸ்டர் சாவி வேணும். அது அரிசி ஜாடிக்குள்ள இருக்குன்னு இன்னிக்குக் காலையிலதான், இந்த ஹால்லதான், இவர் ஊருக்கே ஒலிபரப்பினார். ஆனா போர்த்துக்கீசுல. புரிஞ்சவங்க நாங்க மூணு பேர். தோர்கிலுக்குப் புரிஞ்சது சோறு. அப்ப, தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்த யாருக்கோ பாஷை தெரிஞ்சிருக்கணும்."

"நானில்லை!" என்றான் டெல்வோ, இப்போதும் ஆங்கிலத்தில்.

"சும்மா இரு. இந்தச் செடியை மூக்கு வச்சு மோந்தா வாடிடும், கையால தடவித்தான் மோக்கணும். இது இந்த ஊர்ல பொறந்த கைக்குழந்தைக்குத் தெரியும். வெளியூர்க்காரன் ஒருத்தனுக்கும் தெரியாது. வர்றவன் எல்லாம் நேரா மூக்கைத்தான் விடுவான். நீ திங்கக்கிழமை வந்து பையைக் கீழ வைக்கறதுக்குள்ள கையைத் தடவி மோந்தே. யாரும் சொல்லிக் கொடுக்கலை. நாலு நாளா நாக்கைக் கட்டிப் போட்டே, ஒத்துக்கறேன். கையைக் கட்ட மறந்துட்டே."

"குச்சி?" என்றார் நோப்ரெ.

"எங்க முதலாளி புதுக் காகிதம் வாங்குற ஆளா? மூணு வருஷப் பழசு. எல்லாம் வெளுத்துக் கிடக்க, ஒண்ணு மட்டும் எப்படிச் சிவப்பா இருக்கும்? இன்னிக்கு ராத்திரி ஊரே தோரணத்தோட நடக்கும். இவனும் தோள்ல சாத்திக்கிட்டு ஊர்வலத்தோட போயிருப்பான். என் கண்ணு முன்னாடியே, கையசைச்சுட்டு."

நோப்ரெ அவன் காலணியின் உள்தோலைக் கிழித்தார். உள்ளே இன்னோர் அடையாள அட்டை இருந்தது. ரூய் கஸ்தன்யெய்ரா. பிறந்த ஊர் லிஸ்பன். முகவரி அடுத்த மேடு, நடந்தே வந்துவிடலாம்.

தோர்கில் கைதட்டினார். தெருவில் வாத்தியக் குழு ஒத்திகையைத் தொடங்கியது. அபீலியோ வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"நல்லது, நல்லது. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. சுல்மீரா, ஆறாம் நம்பர்ல விரிப்பு மாத்திடு. ராத்திரிக்கு ஆள் வருது."

யாரும் நகரவில்லை.

"மன்னிப்புக் கேளுங்க," என்றாள் காத்தியா.

"யாருகிட்ட?"

"தோனா சுல்மீராகிட்ட. எல்லார் முன்னாடியும்தானே திருடின்னீங்க? பொய்ப் பழி போடறது குற்றம், சென்யோர் அபீலியோ. போலீஸ் இங்கேயே நிக்குது, சாட்சி நாலு பேர் இருக்கோம். படிச்சதுக்கு இதுகூடத் தெரியலைன்னா என்னைப் படிக்க வச்சவனை உதைக்கத்தான் வேணும்."

அபீலியோ நோப்ரெயைப் பார்த்தார். நோப்ரெ இப்போது கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"...மன்னிச்சுக்க," என்றார் அபீலியோ, சட்டைப் பொத்தானிடம்.

சுல்மீரா விரிப்பை மேஜைமேல் வைத்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"கேக்கலை. பத்தொன்பது வருஷமா நீங்க கத்தினது எல்லாம் எனக்கு நல்லாக் கேட்டுச்சு. அதே சத்தத்துல சொல்லுங்க."

அபீலியோவின் காது சிவந்தது. "மன்னிச்சுக்கோங்க, தோனா சுல்மீரா! நீங்க திருடலை!"

கீழ்த் தெருவில் அடுப்பு விசிறிக்கொண்டிருந்த ஒருவர் அண்ணாந்து பார்த்தார். சுல்மீரா தலையை ஒருமுறை ஆட்டினாள், கணக்குத் தீர்ந்தது என்பதுபோல. "விரிப்பு நாளைக்கு மாத்தறேன். இன்னிக்கு எனக்குத் திருவிழா," என்று சொல்லி வெரோனிக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

காத்தியா தன் கைப்பையை எடுத்தாள்.

"ஏய், டொட்டோரா," அபீலியோவின் குரல் குழைந்திருந்தது. "ஏதோ கோவத்துல வேலை போச்சுன்னுட்டேன். உனக்கு மூளை இருக்கு. மேனேஜரா இருந்துக்க. நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு."

அவள் சட்டையில் குத்தியிருந்த விடுதிப் பேட்ஜைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். போனை எடுத்துப் போலீஸை அழைத்தபோதே முடிவு பண்ணிய விஷயம் இது. வில் கிடைத்ததும், அவர் குழைந்ததும் அதில் ஒரு மயிரிழையையும் அசைக்கவில்லை.

"எங்கே போறே? இங்க மேஜையை யார் பார்க்கறது?"

படியில் அவள் காலடிச் சத்தம்தான் கேட்டது, இரண்டிரண்டு படியாக.