பச்சைக் கை

"கையக் காட்டுங்க சிஸ்டர்!"

வார்டுக்குள் எந்த நர்ஸ் நுழைந்தாலும் நோயாளியின் சொந்தக்காரர்கள் இப்படித்தான் வரவேற்பார்கள். அவளும் மருதாணி காட்டும் கல்யாணப் பெண்போல இரண்டு உள்ளங்கைகளையும் விரிப்பாள். பச்சை. அப்புறம்தான் கட்டிலருகே விடுவார்கள்.

நிறங்காட்டி உறை வந்தபின் தூத்துக்குடியில் மட்டுமா, உலகம் முழுக்க இதே கூத்துதான். கையுறையின் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத உணர்மணிகள் பதிந்திருக்கும். நோய்க்கிருமி ஒட்டினால் உறை சிவக்கும், இல்லாவிட்டால் பச்சை. முன்பெல்லாம் ஒரு நோயாளிக்கு ஓர் உறை. கழற்றி எறி, கையைக் கழுவு, அடுத்தவருக்குப் புதுசு போடு என்று நாள் முழுக்க இதே பாடு. இப்போது யாருக்கு அந்தத் தலைவலி? சிவந்தால் மாற்று, பச்சையென்றால் அடுத்த கட்டிலுக்குப் போ. ஒரே ஜோடியை ஷிஃப்ட் முடியும்வரை பச்சையாகவே வைத்திருந்தவளுக்குத் தோழிகள் கைதட்டுவார்கள்.

அறுவை வார்டின் தலைமை நர்ஸ் செலின் அதில் கில்லாடி. கைகழுவும் தொட்டிகளை இடித்துவிட்டுக் கட்டில் போடச் சொன்னதே அவள்தான்.

அங்கேதான் இப்போது அவள் தம்பி லயோனல் படுத்திருந்தான். குடல்வால் எடுத்த சாதாரண ஆபரேஷன். தையல் போட்ட இடம் சீழ் பிடித்து உடம்பு அனலாய்க் கொதித்தது. வரிசையாக எல்லாக் கட்டிலிலும் அதே காய்ச்சல். பக்கத்துக் கட்டில்காரர் காலையில் செத்தே போனார். ஆனால் ஒரு கைகூடச் சிவக்கவில்லை.

செலின் சீழை எடுத்துக்கொண்டு கிருமி ஆய்வகத்துக்கு ஓடினாள். டாக்டர் கோமதிநாயகம் அதைப் புது உறை ஒன்றில் தடவிப் பார்த்தார். பச்சை அப்படியே இருந்தது.

"உறை கெட்டுப்போச்சா சார்?"

"உறைக்கு ஒண்ணுமில்லம்மா. சிவக்க வைக்கிற கிருமிய எல்லாம் உறையோட சேத்து எரிச்சோம். சிவக்க வைக்காத ஒண்ணு எப்படியோ தப்பிச்சிருக்கு. அத நாமளே கட்டில் கட்டிலாக் கொண்டுபோய்க் குடுத்து, நல்லா வளத்துவிட்டுட்டோம்."

செத்துப்போனவரின் புண்ணைத் துடைத்துவிட்டு, கை பச்சையாக இருக்கிறதே என்ற நிம்மதியில் நேரே தம்பிக்குக் கட்டு மாற்றியவள் செலின்தான். அட பாவி, என் கையாலேயா என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"புது மருந்து ஒண்ணு இருக்கு, கேக்கும். ஆனா புண்ணுல திரும்பத் திரும்பக் கிருமி ஏறிச்சுன்னா தம்பி தாங்க மாட்டாரு. பழையபடி ஆளுக்கு ஒரு உறை. கழட்டினதும் கையக் கழுவுங்க," என்றார் டாக்டர்.

கிடங்கில் தேடிப் பழைய காலத்து வெள்ளை உறைகளைக் கண்டெடுத்தாள். அங்கிருந்த குழாயிலேயே கையை நன்றாகத் தேய்த்துக் கழுவி, புது ஜோடி மாட்டிக்கொண்டு கட்டிலுக்கு வந்தாள்.

தம்பி பெண்டாட்டி மெல்பா குறுக்கே நின்றாள். "மைனி, என்ன இது? பச்சையக் காணோம்!"

"அந்தப் பச்சைதாம்மா அவனக் கொல்லுது. கொஞ்சம் தள்ளு."

"ஒரு சாவு விழுந்தது பத்தாதா? பச்சையில்லாத கையோட வந்து நிக்கீங்களே, ஒங்க தம்பிதான இவரு?"

அடுத்த கட்டிலில் சீழ் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸை மெல்பா கூப்பிட்டாள்.

"நீ வராதட்டி! அந்த உறையக் கழட்டு மொதல்ல!" செலின் அலறினாள்.

நர்ஸ் திகைத்துத் தன் கைகளைப் பார்த்தாள். "பச்சையாத்தான இருக்கு சிஸ்டர்? பச்சையில்லாத கை கட்டிலத் தொடக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க?"

"எக்கா," லயோனல் முனகினான். "எனக்குப் பயமா இருக்குக்கா. நீ தொடாத."

அதற்குள் சொந்தக்காரர்கள் செலினின் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். கத்தினாள், அழுதாள், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நர்ஸ் கட்டிலருகே வந்தாள். லயோனல் தானே சட்டையைத் தூக்கிப் புண்ணைக் காட்டினான்.

"இப்பதான் உயிரே வந்துச்சு சிஸ்டர்," என்றான்.