மூஞ்சியப் பாத்துட்டு இழு

தண்ணீருக்கு மேலே குமிழி வருவது நின்றுபோயிருந்தது. ஆனால் கயிறு அசைந்தது.

ஆன்டனிக்கு முதலில் அது உறைக்கவில்லை. டீசல் புகையும் வள்ளத்தின் அடியில் கிடந்த பழைய சங்குச் சதையின் வீச்சமும் சேர்ந்து மூக்கில் ஏற, கம்ப்ரசரின் தடதடப்பு பல்லுக்குள் வரைக்கும் அதிர, தூத்துக்குடிக் கடலின் முன்மதிய வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவன் விளிம்பில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். சங்கு எடுக்கக் கீழே போயிருப்பவன் இனிகோ, ஆன்டனியின் தங்கச்சி மெற்றில்டாவுக்குப் புருஷன். இனிகோவின் வாயில் கம்ப்ரசரிலிருந்து போகும் காற்றுக் குழாய், இடுப்பில் கயிறு. கயிற்றின் இந்த நுனி ஆன்டனியின் கையில். முத்துக் குளித்த காலத்திலிருந்தே இந்தக் கரையில் அப்படித்தான், குளிக்கிறவனின் கயிற்றை மச்சான்காரன்தான் பிடிப்பான். கூடப் பிறந்தவள் தாலியறுக்க எவன் சம்மதிப்பான்? கயிறு அசைந்தால் ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. இழுக்க வேண்டும். அவ்வளவுதான் தொழில்.

இன்று இதற்கு முன்னாலும் ஒருமுறை கயிறு அசைந்தது. அவன் இழுக்கவில்லை. வேண்டுமென்றேதான் இழுக்கவில்லை.

எல்லாம் நேற்றைய விளையாட்டால் வந்த வினை. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பதால், பூசை முடிந்து, கறிச்சோறு தின்றுவிட்டு, இனிகோ வீட்டில் கூட்டாளிகள் நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். துபாயில் வேலை பார்க்கும் காயல்பட்டினத்து அஃப்ஸல் லீவில் வந்தபோது ஒரு பெரிய பெட்டி கொண்டுவந்திருந்தான். அதில் அட்டையில் வரைந்த விண்வெளிக் கப்பல், விரல் உயரப் பொம்மைகள், பகடை. கப்பலுக்குள் ஒரு நோய் பரவுகிறது. வந்தவன் சாவான், செத்த பிறகு எழுந்து நடப்பான், அவன் யாரைக் கடித்தாலும் அவர்களும் அப்படியே ஆவார்கள். கடிபட்டவனின் பொம்மையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அஃப்ஸல் ஒரு சாம்பல் நிற ஜோம்பியை வைப்பான். அதற்கப்புறம் அவன் ஜோம்பியின் பக்கம் ஆட வேண்டும், இவ்வளவு நேரம் கூட இருந்தவர்களையே துரத்திக் கடிக்க வேண்டும். என்ன விளையாட்டோ, கருமம்!

இனிகோவின் பொம்மை கப்பலுக்கு வெளியே அந்தரத்தில் கயிற்றில் தொங்கியது. கயிறு யார் கையில் என்று அஃப்ஸல் கேட்டதும் எல்லாரும் ஆன்டனியைக் காட்டினார்கள். வேறு யாரைக் காட்டுவார்கள்?

"கயிறு அசையுது. அந்தப் பக்கம் இருக்கது யாருன்னு ஒனக்குத் தெரியாது. என்ன செய்யுத?" என்றான் அஃப்ஸல்.

"இழுக்கேன்."

"ஏலே, யோசிச்சுச் சொல்லு. பகடையப் போட்டு யாருன்னு பாக்கலாம்."

"இதுல என்னத்த யோசிக்க? கயிறு அசஞ்சா இழுக்கணும்லா!"

அஃப்ஸல் சாம்பல் பொம்மையை உள்ளே வைத்தான். கப்பலில் ஒரு உயிர்கூட மிஞ்சவில்லை. வள்ளம் ஓட்டும் ஜாபேஸ் விக்கல் எடுக்கும்வரை சிரித்தான். மெற்றில்டாகூட ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்று சிரித்தாள். இனிகோ அதோடு விடவில்லை. இன்று காலையில் கடலில் குதிக்கும்போதும் சொன்னான்.

"மச்சான், இன்னிக்காவது மூஞ்சியப் பாத்துட்டு இழு. என்னத்தையாவது உள்ள ஏத்திராத."

ஆன்டனிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதனால்தான், கயிறு முதல்முறை அசைந்தபோது, கிடக்கட்டும், கொஞ்சம் தவிக்கட்டும் என்று கயிற்றைச் சும்மா பிடித்துக்கொண்டு இருந்தான். கயிறு வெடுக் வெடுக்கென்று அடித்து உள்ளங்கையை அறுத்தது. பக்கத்தில் தண்ணீர் உலை கொதிப்பதுபோல் குமிழி குமிழியாகக் கொப்பளித்தது. "மூஞ்சியக் காட்டு மாப்ள, இழுக்கேன்" என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்லி, தன் நையாண்டிக்குத் தானே சிரித்துக்கொண்டான். பின்னால் ஜாபேஸ் முகத்தில் துண்டைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

பிறகு கயிறு தொய்ந்தது. குமிழி நின்றது.

இப்போது மறுபடி அசைகிறது. வேறு மாதிரி அசைகிறது. அவசரமே இல்லாமல், தெரிந்தவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல.

"மாதாவே!"

இழுத்தான். கயிறு வழவழவென்று வந்தது, மண்ணுக்கடியில் எப்போதோ புதைந்த சேற்றின் கறுப்பு நாற்றத்தோடு வந்தது. கனமே இல்லை. யாரோ கயிற்றைப் பிடித்துத் தானாக ஏறி வருகிறார்கள். ஆள் தெரிவதற்கு முன்னால் காற்றுக் குழாயின் வாய்த்துண்டு மேலே வந்து மிதந்தது. அதுவரை எங்கோ மடங்கி அடைபட்டுக் கிடந்ததுபோல், அப்போதுதான் காற்று சீறத் தொடங்கியது. அதைக் கடித்திருக்க வேண்டிய வாய் அதில் இல்லை.

ஒரு கை விளிம்பைப் பிடித்தது. வெளுத்து, ஊறி, நகம் நீலமாக. இனிகோ ஏறி உட்கார்ந்தான்.

இருமவில்லை. மூச்சு வாங்கவில்லை. வாயோரத்திலிருந்து தண்ணீர் தானாக வழிந்தது.

"மச்சான், கரைக்குப் போவோம்."

ஆன்டனி அவன் நெஞ்சைப் பார்த்தான். ஏறவில்லை, இறங்கவில்லை. கெண்டைக்காலைப் பார்த்தான். அங்கே ஒரு கடி. மீன் கடியில்லை. மேல் வரிசை, கீழ் வரிசை, நடுவில் பிய்ந்த சதை. ஆள் பல். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

கம்ப்ரசரை நிறுத்தினான். அந்த அமைதியில் ஜாபேஸ் துண்டை விலக்கினான்.

"என்ன, அதுக்குள்ள ஏறிட்டான்?"

சொல்லிவிடலாம். ஏலே, இவனுக்கு மூச்சு இல்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும். எப்ப நின்னுச்சு? கயிறு அசஞ்சிருக்குமே, நீ என்னடே செஞ்ச? தங்கச்சி கேட்பாள். அம்மா கேட்பாள். ஊரே கேட்கும். மச்சான்காரன் விளையாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று சாகும்வரை சொல்வார்கள்.

"ஒண்ணுமில்ல. தல சுத்துதாம். கரைக்கு விடு."

கரை வரும்வரை இனிகோ முகம் திருப்பவில்லை. துறைமுகத்துக் கிரேன்கள், அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டு எல்லாம் பெரிதாகிக்கொண்டே வந்தன. சங்கு நாற்றத்துக்கு மொய்த்த ஈக்களில் ஒன்று அவன் கண்மணி மேலே உட்கார்ந்து காலைத் தேய்த்தது. இமை மூடவில்லை. பார்க்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஆன்டனி பார்த்துக்கொண்டேயிருந்தான்.

மீன் வாங்க வந்த மெற்றில்டா கரையில் நின்றாள். பாவி, வராதே என்றால் கேட்கிறாளா.

ஏலம் கூறும் இடத்தில் ஒரே இரைச்சல். ஜாபேஸ் குனிந்து நங்கூரத்தைப் போட்டான். இனிகோ முழங்கால் தண்ணீரில் இறங்கி நேராக அவளிடம் நடந்தான்.

"என்ன, இன்னிக்கு இம்புட்டுச் சீக்கிரம்? ஏன் இப்பிடி வெளிறிப் போயிருக்கீய?"

ஒரு கூப்பாடு போதும். ஏளா, தொடாத! நாக்கு வரைக்கும் வந்தது. ஏலத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆன்டனி குனிந்து காற்றுக் குழாயைச் சுருட்டத் தொடங்கினான்.

இனிகோ அவள் தோளில் முகத்தைச் சாய்த்தான். மெற்றில்டா வெட்கப்பட்டுச் சிரித்தாள். "எல்லாரும் பாக்காவ, விடுங்க." ஈரத் தலையைக் கையால் கோதினாள். கோதிய விரல்கள் நின்றன.

சின்னச் சத்தம். முறுக்கு உடைவதுபோல.

செருப்பு ஒன்று கழன்று மணலில் கிடந்தது. கைகள் விழுந்தன. ரவிக்கைத் தோளில் சிவப்பு. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. அப்படியே நின்றாள், அவன் பிடியில்.

கொஞ்ச நேரம்தான். கழுத்து நிமிர்ந்தது.

"அண்ணே," என்றாள். அதே குரல். "வீட்டுக்கு வா. சோறு ஆறுது."

நெஞ்சு அசையவில்லை. கண் இமைக்கவில்லை. இருவரும் தண்ணீருக்குள் இறங்கி வள்ளத்தை நோக்கி வந்தார்கள். அவசரமில்லாமல். ஆன்டனி குழாயைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

நனைந்த சேலை அவள் வயிற்றோடு ஒட்டியது.

வயிறு துள்ளியது.

உள்ளே பிள்ளை உதைத்தது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். உயிரோடு. விடாமல்.