பழைய பதிப்பை நீக்கவா?

அவள் குரலுக்கு முன்னால் ஓர் இருமல் கேட்டது.

தினமும் மதியம் அவன் கணினி, "சாப்பிட்டியா? பொய் சொல்லாத" என்று மனைவியின் குரலில் கேட்கும். இருவரும் ஒரே அலுவலகத்தில் நிரல் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், வேலையில் உட்கார்ந்தால் பசியை மறந்துவிடும் அவனுக்காக அவள் விளையாட்டாய் எழுதிய சின்ன நிரல் அது. நோய் வருவதற்கு முன்பே பதிவு செய்த குரல். அவள் போன பிறகும் அது மட்டும் நிற்கவில்லை. ஆனால் அதில் இருமல் கிடையாது.

அந்த நிரல், அதை எழுதிய நிரல்மொழியின் பழைய பதிப்பில்தான் ஓடும். அலுவலக வேலைக்குப் புதிய பதிப்பு வேண்டும். இரண்டையும் ஒரே கணினியில் அடுத்தடுத்த அறைகளில் குடிவைத்த மாதிரி வைத்திருந்தான். அவளுடைய கோப்புறைக்கு மட்டும் பழையது, மற்றதற்கெல்லாம் புதியது. நேற்று தூக்கக் கலக்கத்தில் கட்டளையை மாற்றி அடித்துப் பழையதையே கணினி முழுவதற்கும் ஆக்கிவிட்டது இப்போதுதான் உறைத்தது. எந்தக் கோப்புறையில் கேட்டாலும் கணினி பழைய பதிப்பின் எண்ணையே சொன்னது.

படுக்கையறையிலிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம், அவன் கையாலேயே மருத்துவமனையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த ஆக்சிஜன் இயந்திரத்தின் சத்தம், கூடவே மருந்தும் வியர்வை ஊறிய தலையணையும் கலந்த அந்தப் பழைய வாடை, மூடிய கதவின் அடியில் கசிந்து கூடத்துக்கு வந்தது. பயத்தோடு சந்தோஷமும் பட்டான். அதுதான் கொடுமை.

போன் அடித்தது. மேலாளர்.

"உங்க மெஷின்ல பழசு இன்னும் ஓடுதாமே? மேல இருக்கிறவங்க என் உயிரை வாங்குறாங்க. எடுத்துடுங்க."

"எடுத்துடறேன் சார்."

போனை வைத்ததும் உள்ளேயிருந்து அவள் சொன்னாள். "மூச்சு முட்டுது. நிறுத்தேன்."

கடைசி நாளும் இதையேதான் சொன்னாள். அன்றைக்கு எப்படி நிறுத்துவதென்று அவனுக்குத் தெரியவில்லை. இன்றைக்குத் தெரியும். பழைய பதிப்பை நீக்கவா என்று திரை கேட்டது. வாய்விட்டு அழுதுகொண்டே ஆம் என்று அழுத்தினான்.

இயந்திரம் நின்றது. வாடையும் போய்விட்டது.

மறுநாள் மதியம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் சாப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வீடு அப்படியே கிடந்தது. ஒரு குரல், ஒரே ஒரு கேள்வி, அது போதும் அவனுக்கு.

பழைய பதிப்பைத் தேடியெடுத்துத் திரும்ப நிறுவினான். இந்த முறை கை தவறவில்லை. தெரிந்தேதான் கணினி முழுவதற்கும் என்று அடித்தான்.

இருமல்.

படுக்கையறையில் இல்லை. கூடத்தில். நாற்காலிக்குப் பின்னால்.

தோளில் ஒரு கை விழுந்தது. எலும்பாய்ப் போன கை. மணிக்கட்டில் மருத்துவமனைப் பட்டை.

"மறுபடியும் முதல்லேருந்தா?" என்றாள், மூச்சுக்குத் தவித்தபடி. அவன் திரும்பவில்லை. விரல்கள் தோளை இறுகப் பற்றின.

"சரி விடு. நீ சாப்பிட்டியா?"