பச்சைக் கல்லும் பச்சை வாளியும்

துப்பறிவாளரின் வீட்டுக்குள் வந்ததிலிருந்து அந்த அம்மாள் விரல்களைச் சொறிந்துகொண்டே இருந்தார். அருங்காட்சியகத்தின் கல் அறைக்குப் பதினொரு வருடமாக அவர்தான் காப்பாளர்.

"நேத்து கல்லையெல்லாம் வாளித் தண்ணியில ஊறப்போட்டு, அறையைப் பூட்டிட்டுச் சாப்பிடப் போனேன் சார். வந்து எடுத்து எண்ணினா ஒண்ணு குறையுது. அந்தப் பச்சைக் கல்! நிக்கல் கலந்தது, ரொம்ப அபூர்வம். சாவி என்கிட்ட மட்டும்தான். இன்னிக்குச் சாயங்காலம்வரைதான் டைம், அப்புறம் போலீஸ்னு இயக்குநர் சொல்லிட்டார்."

துப்பறிவாளர் நிதானமாகக் கேட்டார். "மலிவான கம்மல் போட்டா உங்களுக்குக் காது புண்ணாகுமா?"

"ஆமா சார். சின்ன வயசுலேருந்தே ஒத்துக்காது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த துப்பறிவாளரின் மச்சானுக்குத் தலை சுற்றியது. அக்காவின் கணவர் துப்பறிகிறார் என்பதாலேயே தானும் பாதித் துப்பறிவாளன் என்று நம்புகிறவன் அவன். கல்லுக்கும் கம்மலுக்கும் என்ன சம்பந்தம்?

மூவரும் அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். நேற்றிலிருந்து இயக்குநரின் உத்தரவில் பூட்டியே கிடந்த கல் அறையை அவர் முன்னிலையிலேயே திறந்தார்கள். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு பூனைகூட நுழைய முடியாது. மச்சான் தரையில் தவழ்ந்து தேடி, சட்டையை அழுக்காக்கிக்கொண்டதுதான் மிச்சம். துப்பறிவாளரோ சுவரில் ஒட்டியிருந்த தாளை வாசித்துக்கொண்டிருந்தார். 'எல்லாக் கற்களையும் கழுவிப் பளபளப்பாக வைக்கவும். – இயக்குநர்.'

"வாளியைக் கொட்டிப் பார்க்கலாமா அத்தான்?"

"கொட்டாதே! கல் அதுலதான் இருக்கு."

மச்சான் எட்டிப் பார்த்தான். பச்சை பிளாஸ்டிக் வாளி, தண்ணீர், வேறொன்றும் இல்லை. துப்பறிவாளர் ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு தூக்கிக் காட்டினார். வாளி மட்டுமல்ல, தண்ணீரே இளம்பச்சை.

"அது ஒரு உப்புக்கல். தண்ணியும் சேர்ந்து உறைஞ்ச படிகம். தண்ணியில போட்டா கரைஞ்சிடும். மலிவான கம்மல்லயும் நிக்கல்தான் இருக்கு. ஒத்துக்காத கையை இந்தத் தண்ணியில விட்டாங்க, அதான் அரிப்பு. திருடன்னு யாருமே இல்லை."

"அப்போ இவங்க அஜாக்கிரதை!" என்று இயக்குநர் சீறினார்.

"அம்மா, இதுக்கு முன்னால கல்லை எப்படிச் சுத்தம் பண்ணுவீங்க?"

"பிரஷ்ஷால தூசி தட்டுறதோட சரி. கழுவச் சொன்னது இவர் வந்த பிறகுதான்."

துப்பறிவாளர் சுவரைப் பார்த்தார். இயக்குநரும் பார்த்தார். போலீஸுக்கென்று கையில் வைத்திருந்த புகார்க் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

காப்பாளர் அழுதுகொண்டிருந்தார். மச்சானுக்கு மறுபடியும் ஒன்றும் புரியவில்லை. "திருடலைன்னு ஆயிடுச்சே அக்கா, இன்னும் ஏன் அழறீங்க?"

"யாராவது திருடியிருந்தா எங்கேயாவது பத்திரமா இருக்கும் தம்பி. நானே என் கையால கரைச்சிட்டேனே."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வாளியை மூடினார். அதை அலமாரியில் காலியாக இருந்த இடத்தில் வைத்து, அந்தக் கல்லின் பழைய பெயர் அட்டையை முன்னால் நிறுத்திப் பூட்டினார்.