இடைவேளையில் வந்த முற்றும்

"லைட்டை அணைங்க!"

ஆபரேட்டர் திடுக்கிட்டுப் போனான். படம் முடிந்து, கூட்டம் எழுந்து, வெளிக்கூடத்தில் தேநீரும் வாக்குவாதமும் ஆரம்பமாகிவிட்டன. அரங்கைப் பூட்டலாம் என்று விளக்கைப் போட்டால், கடைசி வரிசையிலிருந்து இப்படி ஓர் அதட்டல்...

"படம் முடிஞ்சிடுச்சுங்க."

"உங்களுக்கு முடிஞ்சிருக்கும். எனக்கு இன்னும் முடியலை."

அப்போதுதான் அவளைப் பார்த்தான். மூக்கு சிவந்திருந்தது. கண்கள்... ஐயோ, அந்தக் கண்கள்! வெளியே பெய்துகொண்டிருந்த மழையில் பாதி அங்கேதான் இருந்தது. இமையோரத்தில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது.

பார்த்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? கைக்குட்டையை நீட்டியிருக்கலாம். ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த மகாராசன் சிரித்துத் தொலைத்தான்.

"சிரிக்கிறீங்களா? ஒருத்தி அழுறது அவ்ளோ வேடிக்கையா இருக்கா?"

"ஐயையோ, இல்லைங்க... இது வேற..."

வேறுதான். அவன் சிரித்தது அவளைப் பார்த்து இல்லை, தன் தலையெழுத்தைப் பார்த்து. படத்தின் இரண்டாம் பாதியை முதலிலும் முதல் பாதியைப் பிறகும் ஓட்டியிருந்தான் அவன்!

வெளிநாட்டுப் படம், இரண்டு டிவிடித் தட்டுகளாக வந்திருந்தது. தட்டுகளின் மேலே ஏதோ புரியாத எழுத்து. வழக்கமாகக் காலையிலேயே ஓட்டிப் பார்த்துவிடுவான். அன்று காலை முழுவதும் திரைப்படச் சங்கத் தலைவரின் மைக் கொரகொரவென்று இருமியதால் அதற்கு வைத்தியம் பார்க்கவே நேரம் போய்விட்டது. கைக்கு வந்த தட்டைப் போட்டான். பாதியில் திரையில் வரிசையாகப் பெயர்கள் ஏறத் தொடங்கின... கடைசியில் அடியில் ஓடிய தமிழ் எழுத்தில் 'முற்றும்' என்றும் வந்தது! இதோ கத்தப் போகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டான். யாரும் கத்தவில்லை. கை தட்டினார்கள். கலைப்படம் அல்லவா!

கதை இதுதான். பதினாலு வயசுப் பையன் ஒருவன் விளையாட்டு மும்முரத்தில் பக்கத்து வீட்டுக் கேட்டைத் திறந்து போட்டுவிட, அந்த வீட்டு நாய் ஓடிப்போய்விடுகிறது. யாரும் அவனைச் சந்தேகப்படவில்லை. அதுவே அவனை அரித்துத் தின்கிறது. தேடித் தேடி அலைந்து, கடைசியில் அந்த வீட்டுக்காரம்மாவிடம் போய் ஒப்புக்கொள்கிறான். அந்த அம்மா ஒன்றுமே சொல்லாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கிறாள். அவ்வளவுதான். அன்று ஓடியது மட்டும் வேறு கதை... தண்ணீர் முதலில், நாய் ஓடியது கடைசியில்.

வெளிக்கூடத்தில் சண்டை களைகட்டியிருந்தது.

"காலத்தையே கவிழ்த்துப் போட்டுட்டான்யா டைரக்டர்! பாதியில முற்றும் போட்டான் பாருங்க, அங்க நிக்கிறான் மனுஷன்!" என்று தலைவர் கையை ஆட்டினார்.

"எனக்கென்னவோ முன்னுக்குப் பின் முரணா இருந்துச்சு சார்" என்றார் மருந்துக்கடைக்காரர். "காணாமப் போன நாய் கடைசியில ஜாலியா ஓடுது. எப்ப வந்துச்சு?"

"நான் தூங்கிட்டேன். ஏசி நல்லா இருந்துச்சு" என்றார் இன்னொருவர்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவள் மருந்துக்கடைக்காரரை ஒரு பிடி பிடித்தாள். "ரசனைன்னு ஒண்ணு வேணும் சார்! முதல்ல மன்னிப்பைக் காட்டிட்டு, அப்புறமா என்ன தப்புன்னு காட்டுறாங்க. அந்தப் பையன் கேட்டைத் திறக்கும்போதே நமக்குத் தெரியும், இவனை மன்னிச்சாச்சுன்னு. அவனுக்குத்தான் தெரியாது. இது கூடவா புரியலை?"

மனிதர் கூனிக் குறுகி, "மன்னிச்சிடும்மா, நமக்கு மாத்திரை விக்கத்தான் தெரியும்" என்று தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

ஆபரேட்டருக்குச் சுருக்கென்றது. பாவம், ஊரிலேயே சரியாகப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான்.

மழை விடவில்லை. வாசலில் ஒரு குடை அகலத்துக்குத்தான் நனையாத இடம் இருந்தது. அதில் அவள் நின்றாள். வேறு வழியில்லாமல் அவனும்...

"நீங்க எப்படிப் பார்த்தீங்க படத்தை?" என்றாள், இன்னும் கோபம் ஆறாத குரலில்.

"நானா? ஓட்டுறவன் எங்கங்க பார்க்கிறது... நீங்க ஏன் அவ்ளோ அழுதீங்க?"

"நான் நாய் டாக்டர். வாரத்துக்கு ஒருத்தராவது அடிபட்ட நாயைத் தூக்கிட்டு ஓடி வருவாங்க. என்ன ஆச்சுன்னு நான் கேக்குறதுக்கு முன்னாடியே, 'நான்தான் டாக்டர் கேட்டை மூடலை'ன்னு அழுவாங்க. நான் சொல்ற முதல் வார்த்தையே, 'சரி விடுங்க, நாயைக் காட்டுங்க'தான். அதையே ஒருத்தன் படமா எடுத்திருக்கான்னு நினைச்சதும் தாங்க முடியலை."

அவன் அவளையே பார்த்தான். அந்த நொடியில் விழுந்தவன்தான்... எழுந்திருக்கவே இல்லை. பேச்சை மாற்ற எண்ணி, உளறினான்:

"எப்படியோ, தலைவர் பேச்சுக்கு உங்க பேச்சு தேவலைங்க. அவர் பேசுறதுக்கு அடியில எழுத்துப் போட்டாலும் புரியாது."

"ஓ..." ஈரக் கண்களில் இப்போது குறும்பு மினுங்கியது. "அப்பாகிட்ட சொல்றேன்."

"யார் அப்பா?"

"தலைவர்தான்."

பூமி பிளந்தால் உள்ளே போய்விடத் தயாராக இருந்தான். அவளோ கலகலவென்று சிரித்தபடி மழையில் இறங்கி ஓடினாள்.

மறுநாளே செய்தி வந்தது. தலைவரின் ஏற்பாட்டில் அடுத்த ஞாயிறு அதே படம் மறுபடியும்! முன்னதாக, 'கவிழ்ந்த காலம்' என்று தலைவரின் சொற்பொழிவு வேறு. ஆபரேட்டருக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பையன் வந்து நின்றான். கண்ணைத் திறந்தால் அவள்... சொன்னால் அவள் போய்விடுவாள். சொல்லாமல் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஞாயிறு மாலை அவளே ஆபரேட்டர் அறைக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன சார், இன்னிக்கும் சிரிப்பீங்களா?"

"டாக்டர்... நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"மன்னிச்சாச்சு!" என்றாள் பட்டென்று. "இப்ப சொல்லுங்க, என்ன தப்பு?"

சொன்னான். ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அப்போ... நான் அழுதது?"

"அது நிஜந்தாங்க. படந்தான் பொய்."

"அந்த மருந்துக்கடைக்காரரை அத்தனை பேர் முன்னாடி..." காதுமடல் வரை சிவந்துபோனாள். "ஊர் சிரிக்கும். அப்பா உடைஞ்சு போயிடுவார். இங்க பாருங்க, இன்னிக்கும் அப்படியே மாத்திப் போட்டுடுங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்."

"ஒரு தடவை தப்பாப் போட்டது தெரியாமங்க. இன்னொரு தடவை போட்டா, அது தெரிஞ்சே பண்றது."

"அப்போ எங்க மானம் போனா உங்களுக்குப் பரவாயில்லை. அப்படித்தானே?"

கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனாள். அவன் இரண்டு தட்டுகளையும் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வேலையும் போகும், அவளும் போவாள்... போகட்டும். முதல் தட்டை முதலில் போட்டான்.

சொற்பொழிவு முடிந்து படம் ஓடியது. நாய் ஓடியது, பையன் அலைந்தான், அந்த அம்மா தண்ணீர் கொடுத்தாள், முற்றும். இந்த முறை யாரும் கை தட்டவில்லை. தலைவர் மேடையேறி மைக்கைப் பிடித்தார். முகம் கடுகடுவென்றிருந்தது.

"மன்னிக்கணும்! இன்னிக்கு ஆபரேட்டர் தப்பா மாத்திப் போட்டுட்டார்! ஒரு மகத்தான படைப்பைச் சாதாரணக் கதையா ஆக்கிட்டார். இவருக்கு இனிமே இங்க வேலை இல்லை!"

தன் அறைச் சன்னலுக்குப் பின்னாலிருந்து ஆபரேட்டர் அதைக் கேட்டான். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பேசாமல் பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

"அப்பா!"

கடைசி வரிசை. முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை.

"இன்னிக்கு ஓடினதுதான்ப்பா சரி. போன வாரம்தான் மாறிப் போச்சு. அது எனக்குப் படத்துக்கு முன்னாடியே தெரியும். நான்தான் அவரைத் திரும்பவும் தப்பாப் போடச் சொன்னேன், நம்ம மானம் போயிடும்னு. அவர் கேக்கலை." மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "சார், உங்களுக்கு ரசனை இல்லைன்னு சொன்னேன். உங்க ஒருத்தருக்குத்தான் அன்னிக்குக் கண்ணு இருந்துச்சு. மன்னிச்சிடுங்க."

"அட, விடும்மா!" என்று மருந்துக்கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக எழுந்தார். "நாய் எப்ப வந்துச்சுன்னு ஒரு வாரமாத் தூக்கமே இல்லை. இன்னிக்குத்தான் நிம்மதி."

அரங்கமே கொல்லென்று சிரித்தது. தலைவர் மகளைப் பார்த்தார், தன் பேச்சுத் தாள்களைப் பார்த்தார். மைக் சரியாக அந்த நேரம் பார்த்துக் கொரகொரவென்று இருமியது. "இதையாவது வந்து சரி பண்ணச் சொல்லுங்கய்யா அந்த ஆளை" என்றார், தணிந்த குரலில். வேலை போகவில்லை என்பதை அவர் பாஷையில் அப்படித்தான் சொல்வார்.

ஆபரேட்டர் அறைக் கதவு மெல்லத் திறந்தது. அவள்தான். கையில் ஒரு டம்ளர் தண்ணீர். நீட்டினாள்.

வாங்கிக் குடித்தான். பாதி சட்டையில் கொட்டியது. வெளியே மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது.

"டாக்டர்... இன்னொண்ணும் சொல்லணும். அன்னிக்கு லைட்டைப் போட்டப்பவே சொல்லியிருக்கணும். சொன்னா உங்களுக்குக் கோபம் வரலாம்..."

அவள் கையை நீட்டி விளக்கை அணைத்தாள். இருட்டில் அவள் குரல் மட்டும் கேட்டது, சிரிப்பும் அழுகையுமாக...

"மன்னிச்சாச்சு. சொல்லுங்க."