குடும்பச் சிகரம்

பை நேற்றைவிடக் கனத்தது.

ஜாஹ்னவி மாடிப்படி வளைவில் நின்று அதைத் திறந்து பார்த்தாள். கணவனுடைய ஃபோன், மாமனாருடையது, மாமியாருடையது. வேறொன்றும் இல்லை. ஆனால் பையின் வார் அழுந்திய இடத்தில் தோள் கன்றிச் சிவந்திருந்தது.

தனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ? எதிலும் முதலில் தன்னையே சந்தேகிப்பது அவள் பழக்கம். கீழே இறங்கி, சமையலறைத் தராசில் பையை வைத்துப் பார்த்தாள். ஒரு கிலோகூட வரவில்லை. திரும்ப வந்து படியில் கால் வைத்ததும் மறுபடி கனத்தது.

இது அவள் கணவன் ஹயக்ரீவனின் கம்பெனி வைத்த போட்டி. குடும்பத்தில் நாலு பேர் பெயர் கொடுத்து, அவரவர் வீட்டு மாடிப்படியிலேயே ஏறி ஏறி ஒரு மலையின் உயரத்தை முடிக்க வேண்டும். ஃபோனில் இருக்கும் ஆப் ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை ஒலித்து, ஏறுவதை மட்டும் கணக்கில் சேர்க்கும், இறங்குவது சேராது. திரையில் பனிமலைச் சரிவில் நாலு குட்டி உருவங்கள் நகரும். முடிக்கும் குடும்பத்துக்கு ஆண்டுவிழா மேடையில் மாலை.

"பச்சைமலை மாதிரி சின்னதா எடுத்திருக்கக்கூடாதா?" என்று அவள் அப்போதே கேட்டாள்.

"பச்சைமலைக்கு பஸ்ஸே போறது. அதுக்கெல்லாம் மேடையில கூப்பிடுவாளா?" என்று சிரித்தான் ஹயக்ரீவன்.

முதல் வாரத்திலேயே மாமியார் வைஜயந்திக்கு முழங்கால் வலித்தது. "மடித்துணி உலர்த்த நீ எப்படியும் மாடிக்குப் போறியே ஜானு, என் ஃபோனையும் எடுத்துண்டு போயேன்." மறுநாள் மாமனார் பராசரன் தன் ஃபோனை நீட்டினார். ஹயக்ரீவன் கேட்கக்கூட இல்லை. தன் ஃபோனை அவள் பையில் போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

அவள் மறுக்காததற்கு ஒரே காரணம் தென்னூரில் இருந்தது. அங்கே ஒரு மாலை வகுப்பு, கணக்கெழுதும் பயிற்சி. முடித்தால் வேலை கிடைக்கும். வீட்டை விட்டு, இந்த மூன்று குரல்களை விட்டு, தினம் இரண்டு மணி நேரமாவது தனியாக இருக்கலாம். திங்கட்கிழமை தொடங்குகிறது.

"முதல்ல மலை முடியட்டும். அப்புறம் தாராளமாப் போய்ட்டு வா," என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார் பராசரன்.

தனக்கு வேண்டிய ஒன்றைப் பெற இவர்கள் மூன்று பேரையும் உச்சியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒவ்வொரு படியையும் எட்டி உதைப்பதுபோல மிதித்து ஏறினாள்.

விளக்கேற்றிய பிறகு அந்தக் குறுகலான படிக்கட்டில் கிணற்றடி ஈரமும், மேலே உலரும் துணிகளின் சோப்பு வாசனையும், சுவரில் ஊறிய எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து நிற்கும். கொள்ளிடம் பாலத்தில் ரயில் போகும் ஓசை சுவருக்குள்ளேயே ஊர்ந்துவந்து அடங்கும். வியாழக்கிழமை அது அடங்கியதும், தன் மூச்சுக்கு நடுவே இன்னொரு மூச்சு இழைவதையும், அதன் பின்னால் ஓர் இருமல், பராசரன் மட்டுமே இருமும் அந்தச் சளி கட்டிய இருமல், தன் காதுமடல் சுடும்படி அவ்வளவு அருகில் எழுவதையும் அவள் கேட்டாள்.

திரும்பினாள். யாருமில்லை. பராசரன் மார்பில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் நெடி மட்டும்.

கீழே ஓடினாள். மூவரும் சோபாவில் இருந்தார்கள்.

"அப்பா, மாடிப்பக்கம் வந்தேளா?"

"நானா? உட்கார்ந்த இடத்தை விட்டு அசையலையே," என்றார் பராசரன். அவர் மேல்துண்டு வியர்வையில் நனைந்திருந்தது. "ஆனா என்னமோ மூச்சு வாங்கறது."

"எனக்கும்தான்," என்றாள் வைஜயந்தி. "ஏறினவளுக்கு வேர்க்கலை. நமக்கு வேர்க்கறது பாருங்கோ!"

மூவரும் ஒன்றாகச் சிரித்தார்கள். ஜாஹ்னவி சிரிக்கவில்லை. எப்போதிலிருந்து இவர்கள் எழுந்திருப்பதே இல்லை? காபி கைக்குப் போகிறது. தட்டு மடிக்குப் போகிறது. வாசலில் மூன்று ஜோடிச் செருப்பிலும் தூசி. சோபாமேல் மடக்கி வைத்த கால்களை அவர்கள் தரையில் ஊன்றி அவள் பார்த்தே நாளாகிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் ஹயக்ரீவன் தலையைத் திருப்பாமலே சொன்னான். "இன்னும் கொஞ்சம்தான் ஜானு. இன்னிக்கே முடிச்சுடு."

"நீங்க ஒரு தடவையாவது ஏறுங்கோளேன்."

"நாலு பேருக்கும் சேர்த்து நீ ஏறறதுதானே அழகு!"

அவள் பையை மாட்டிக்கொண்டாள். ஏறினாள். இறங்கினாள். ஏறினாள். வார் தோளை அறுத்தது. முதுகு வளைந்தது. வளைவுக்கு வந்ததும் கோபம் தலைக்கேறியது. பையைக் கழற்றி மூலையில் வீசினாள்.

"போதும். அவாவா ஏறிக்கட்டும்."

வெறுந்தோளோடு அடுத்த படியில் கால் வைத்தாள்.

கனம் குறையவில்லை.

கீழே மூலையில், பைக்குள், மூன்று ஃபோன்களும் ஒன்றாக ஒலித்தன. இன்னொரு படி ஏறினாள். மறுபடி ஒலித்தன. தொடாமலே அவற்றில் கணக்கு ஏறியது.

நின்றாள். கழுத்தைச் சுற்றி ஏதோ இறுகியது. ஈரமாக. வெதுவெதுப்பாக. சதை.

"இறங்குங்கோ!" என்று கத்தினாள். "எல்லாரும் இறங்குங்கோ!"

"கத்தாதே ஜானு." ஹயக்ரீவனின் குரல். கீழிருந்து அல்ல. அவள் பிடரியிலிருந்து. "உச்சி வந்துடுத்து. இன்னும் ரெண்டே படி."

அவள் ஏறவில்லை. சுவரைப் பற்றிக்கொண்டு இறங்கினாள். தடுமாறி, உராய்ந்து, கூடத்துக்கு.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. சோபாவில் மூன்று பள்ளங்கள். மூன்று டம்ளர்களில் ஆவி பறந்தது. யாரும் இல்லை.

ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள்.

கறுத்த திரையில் கூடம் தெரிந்தது. நடுவில் அவள். குனிந்து. அவள் தோள்களுக்கு மேல், ஒன்றோடொன்று நெருக்கியடித்து, வாய் பிளந்து மூச்சு வாங்கும் மூன்று முகங்கள். அவள் இடுப்பைச் சுற்றிப் பின்னிக்கிடந்தன ஆறு கால்கள்.

"திங்கட்கிழமை சீக்கிரமே கிளம்பிடணும்," என்றாள் வைஜயந்தி, அன்பாக, வலது காதில். "எல்லாரையும் தூக்கிண்டு உன்னால வேகமா நடக்க முடியாது பாரு."

ஜாஹ்னவி வாசலை நோக்கி ஓரடி வைத்தாள். இடுப்பைச் சுற்றிய கால்கள் இறுகின. திரையில் அந்தப் பாதங்கள் தெரிந்தன. வெடிப்பில்லை. தழும்பில்லை. தரையே தொட்டிராத கைக்குழந்தையின் பாதங்களைப் போல, ரோஜா நிறத்தில், ஆறும் சுகமாக ஆடிக்கொண்டிருந்தன.