மூக்கனைத் துரத்திய கை

காலை 10:40.

நாயைக் காணவில்லை என்ற புகாரைப் படித்த ரைட்டர், அது கணினி விளையாட்டில் வரும் நாய் என்று தெரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். ஸ்டேஷனே சேர்ந்து சிரித்தது. எஸ்.ஐ.க்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே ஒருத்தி கண் வீங்கி உட்கார்ந்திருக்கும்போது இவர்களுக்கு எப்படிப் பல் தெரிகிறது என்று ஆத்திரம்தான் வந்தது.

புகார் கொடுத்தவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். கணவன் இறந்து இரண்டு வருடம். அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அவளும் கணவனும் சேர்ந்து ஆடிய விளையாட்டில், கொம்பு ஊதினால் ஓடி வரும் துணைதான் மூக்கன். வளர்ப்பவர் ஆடுவதைப் பார்த்துப் பழகிக்கொள்ளும் ஜாதி. ஆறு வருடத்துக்கு முன்னால் அதை வாங்கி வளர்த்தது கணவன்.

"பாலம் வந்தா அவர் முன்னாடி போய் நின்னு, நான் வர்ற வரைக்கும் திரும்பிப் பாத்துக்கிட்டே இருப்பார் மேடம். நெசத்துல ரோடு தாண்டும்போதும் அப்படித்தான். மூக்கனும் அதே மாதிரி நிக்கும். அவர் நடந்துக்கிட்ட விதத்துல எனக்கு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

நேற்று மாலை 3:50க்கு யாரோ மூக்கனை விளையாட்டின் காட்டுக்குள் விடுவித்துவிட்டார்கள். விடுவித்த துணை இருபத்துநாலு மணி நேரத்தில் அடியோடு அழிந்துவிடும். உங்கள் வீட்டுக் கணினியிலிருந்துதான் நடந்திருக்கிறது, நீங்களே செய்திருப்பீர்கள் என்று நிறுவனம் கையை விரித்துவிட்டது. வேறொருவர் செய்ததாக, அவரே எழுதிய வாக்குமூலத்தோடு போலீஸ் கடிதம் வந்தால் பார்க்கலாமாம்.

"பாக்கலாமாமே. பாக்க வைக்கறேன்" என்று எஸ்.ஐ. தொப்பியை எடுத்தாள்.

பகல் 11:30.

கூடத்தின் மூலையில் கணினி. மேலே சுவரில் மூக்கனின் படம், பாறை மேல் நான்கு காலையும் ஊன்றி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. டைல்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் வாசலிலேயே மறித்தார்.

"ஒரு நொண்டி நாய்க்குப் போலீஸா மேடம்? தெருவே பாக்குது."

"நேத்து எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தீங்க?"

"மூணுக்கு. சாப்பிட்டுப் படுத்தேன். அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் நான் தலைவெச்சுக்கூடப் படுக்கறதில்ல. இந்தப் படத்தைத் தவிர அந்த நாயை நான் பாத்தது கிடையாது."

அண்ணி மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாளாம். "அது நாயா நரியான்னே எனக்குத் தெரியாதுங்க" என்றாள்.

பகல் 12:15.

நேற்று அந்த வீட்டுக்குள் வந்த மூன்றாவது ஆள் டயர் கடையில் வேலை பார்ப்பவன். விளையாட்டில் அவர்கள் அணிக்குத் தலைவன் என்பதால் எல்லோருக்கும் தளபதி. நேற்று மூன்றேகாலுக்கு ஹெட்போனைத் திருப்பிக் கொடுக்க வந்து, கூடத்தில் வைத்துவிட்டு யாரிடமும் பேசாமல் போயிருந்தான்.

"எனக்கு ஆசை இருந்தா என் பேருக்கு மாத்திக்கிட்டிருப்பேனே மேடம். அதுக்கு வழி இருக்கு. விளையாடற எவனும் மூக்கன் மாதிரி ஒண்ணைக் காட்டுல விட மாட்டான்." அவன் கிரீஸ் கையைத் துடைத்தான். "பாவம், ஆறு வருஷத்துல நேத்து மதியம் ஒன்றரைக்குத்தான் முதல் தடவையா அடி வாங்குச்சு. கால் போச்சு. எட்டு மணி நேரம் விந்தி விந்தித்தான் நடக்கும், அப்புறம் தானா சரியாயிடும். அதுக்குள்ள..."

எஸ்.ஐ. பேனாவை மூடினாள்.

பகல் 1:10. மறுபடியும் அதே கூடம்.

"மூக்கனுக்கு அடிபட்டதை வீட்ல யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

"இல்ல மேடம். அப்ப வீட்ல யாருமே இல்ல. கம்ப்யூட்டரை அணைக்காம ரெண்டு மணிக்கு டூட்டிக்கு ஓடிட்டேன். மூக்கனைப் பத்தி வீட்ல வாயே திறக்க மாட்டேன். அண்ணன் திட்டுவார்."

எஸ்.ஐ. அண்ணன் பக்கம் திரும்பினாள். "சுவத்துல இருக்கற நாய்க்கு நாலு காலும் நல்லாத்தானே இருக்கு. காலையில நொண்டி நாய்னு சொன்னீங்க. அது நொண்டினது நேத்து ஒன்றரை மணிக்கு அப்புறம், இந்தத் திரையில மட்டும். எப்பப் பாத்தீங்க?"

அண்ணனின் குரல் உயர்ந்தது.

"அவ நல்லதுக்குத்தான் செஞ்சேன். ரெண்டு வருஷமா அந்தப் பொட்டி முன்னாடியே உக்காந்திருக்கா. நல்ல வரன் வந்திருக்கு. இது ஒழிஞ்சாத்தான் தலையாட்டுவா."

"அதை அவகிட்டக் கேட்டீங்களா?"

அண்ணன் வாசல் பக்கம் நகர, எஸ்.ஐ. குறுக்கே வந்து நின்றாள்.

"அவ இல்லாத நேரம் பாத்து அவ புருஷன் விட்டுட்டுப் போனதை அழிச்சீங்க. பழியும் அவ மேலயே விழுந்துச்சு. காலையிலேர்ந்து அவளை ஊரே பைத்தியக்காரி மாதிரி பாக்குது, நீங்களும் கூட நின்னு பாத்தீங்க. இதுக்குப் பேரு நல்லதா?" எஸ்.ஐ. பேனாவை நீட்டினாள். "பேப்பர் எடுங்க. எழுதுங்க."

அவர் எழுதினார். 1:40க்குக் கடிதம் போயிற்று. இரண்டு முறை தட்டிக் கழித்த நிறுவனம், எஸ்.ஐ. போட்ட சத்தத்தில் மூன்றாம் முறை வழிக்கு வந்தது.

மாலை 3:44.

தங்கை கொம்பை ஊதினாள். திரையில் புதரை விலக்கிக்கொண்டு மூக்கன் வந்தது. கால் ஆறியிருந்தது. அவள் பாலத்தை நோக்கி நடந்தாள். மூக்கன் முன்னால் ஓடிப்போய் அக்கரையில் நின்று, தலையைத் திருப்பி, அவள் வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தது.

அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை..." என்றார். "மாப்பிள்ளை இப்படித்தான் நிப்பார்."

தங்கை திரும்பவில்லை.

"அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை இவ பக்கத்துல உக்காந்து பாத்திருந்தா இது நேத்தே தெரிஞ்சிருக்கும்" என்று எஸ்.ஐ. தொப்பியை மாட்டிக்கொண்டாள். "கிளம்புங்க. மிச்சத்தை ஸ்டேஷன்ல பேசலாம்."